ஜெபத்துக்குப் பதில் வரவில்லையா? காத்திருக்கும்போது இதைச் செய்யுங்கள்

முதலில் கர்த்தரிடம் நேராகவே கேளுங்கள், இன்னும் எத்தனை நாள் என்று. தாவீதே 13-ஆம் சங்கீதத்தில் 'எதுவரைக்கும்' என்று நான்கு முறை கேட்கிறார், அதனால் அழுது கேட்பது அவிசுவாசம் இல்லை. "உனக்கு விசுவாசம் போதாது" என்று யாராவது சொன்னால் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கர்த்தருடைய வாக்குத்தத்தத்தை நம்பிப் புறப்பட்டபோது ஆபிரகாமுக்கு 75 வயது, அவர் மகன் ஈசாக்கு பிறந்தபோது 100; விசுவாசமுள்ள அவரே 25 வருஷம் காத்திருந்தார்.

அப்புறம், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடையின்போது சென்னை காசிமேடு துறைமுகத்தில் பாருங்கள், விசைப்படகைப் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, கிழிந்த வலையைக் கண்ணி கண்ணியாகச் சரிசெய்து வைக்கிறார்கள். வேலைக்காக ஜெபிக்கிறவர்களும் அப்படித்தான், விண்ணப்பம் போடுவதை நிறுத்தக் கூடாது. ஜெபிக்கவே வாய் வராத நாளில், சபையில் நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, உங்களுக்காக அவரை ஜெபிக்கச் சொல்லுங்கள்.