வார்ப்பு ஈயக் குண்டுடன் வேட்டைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், வியாசர்பாடிப் பட்டறைகளில் தொழில் கற்று, இன்று அமெரிக்காவில் பணிபுரியும் நம் வடசென்னைப் பிள்ளைகளுக்கு, அங்குள்ள நண்பர்கள் வழியாக மான் வேட்டையும் கையால் வார்த்த ஈயக் குண்டும் அறிமுகமாகலாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பிலுள்ள நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை என்பதால், இங்கே சொல்பவை அந்த மண்ணுக்கு மட்டுமே பொருந்தும்.

கெட்டியான குண்டே நல்ல குண்டு என்று நம்புவதுதான் பரவலான தவறு. பிரினெல் அளவில் தூய ஈயத்தின் கடினம் சுமார் 5. பழைய கார் சக்கரங்களில் பொருத்திய எடைகளின் ஈயம் சுமார் 12. அச்சுக்கோப்பில் பயன்பட்ட லினோடைப் உலோகம் சுமார் 22. லினோடைப் உலோகத்தில் மட்டுமே வார்த்த குண்டு பெரிய எலும்பில் மோதினால் உடைந்து சிதறக்கூடும். அப்போது விலங்கு உடனே சாகாமல் வதைபட்டு ஓடும். துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் படிந்தால் உடனே உலோகத்தை இன்னும் கெட்டியாக்க முனைகிறார்கள். ஆனால் குண்டு குழலின் அளவைவிடச் சிறுத்திருந்தால், எரியும் வெடிமருந்தின் வாயு அதன் பக்கவாட்டில் கசிந்து ஈயத்தை அரித்துக் குழலில் அப்பும் என்பதே பெரும்பாலும் உண்மையான காரணம். ஆகவே மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் மெல்லத் தட்டிச் செலுத்தி, வெளிவந்ததை மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு அங்குலம் பெரிதான குண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். லேத் வேலை தெரிந்தவருக்கு இது எளிய வேலை. தெரிந்தும் அளக்காமல் விடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்தது முனை. கூர்முனை ஆழமாகப் பாயும் என்று தோன்றும். ஆனால் மெதுவாகச் செல்லும் கனமான குண்டில் அகன்ற தட்டை முனையே அகலமான காயத்தை உண்டாக்கி நேராக ஊடுருவுகிறது. நெம்புகோலால் இயக்கும் லீவர் துப்பாக்கியில், தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய் மேகசினில், ஒரு தோட்டாவின் முனை முன்னுள்ளதன் பிரைமரை, அதாவது அடிபட்டால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதியை, தொட்டு நிற்பதால், அங்கே கெட்டியான கூர்முனை உயிருக்கே ஆபத்து.

இன்னொரு தவறு தூரத்தை மறப்பது. 1873இல் அமெரிக்கப் படைக்கு வந்த .45-70 தோட்டாவின் குண்டு 405 கிரெய்ன், அதாவது சுமார் 26 கிராம். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர்தான். 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில் 200 கெஜத்தில் அது இரண்டடி அளவுக்குத் தாழ்ந்துவிடும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டுச் சுடுகிறவர் குடலையோ காலையோதான் தாக்குவார். நெருங்க முடியாவிட்டால் சுடாமல் திரும்புவதே வேட்டைக்காரரின் கடமை. தாழ்வை ஈடுகட்ட, நவீனத் துப்பாக்கிக்கான வெடிமருந்து அளவைப் இந்தத் தோட்டாவுக்கென அன்று செய்த பழைய டிராப்டோர் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. அதன் அமைப்பு அந்த அழுத்தத்தைத் தாங்காது.

காசிமேட்டில் வலைக்கு ஈயக் குண்டு வார்ப்பதைப் பார்த்து வளர்ந்தவர், அந்தப் பழக்கத்திலேயே வீட்டு அடுப்பில் ஈயத்தை உருக்கத் துணியக் கூடாது. ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். உருகிய ஈயத்துக்குள் ஈரமான ஈயத் துண்டு விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் இறைக்கும். பேட்டரித் தகடுகளின் ஈயத்தைத் தொடவே வேண்டாம், அதிலிருந்து கொடிய நச்சுவாயு வரக்கூடும். உடையில் படிந்த தூசு குழந்தைகளின் உடலில் சேராதபடி, வேலை உடையைத் தனியே துவைக்க வேண்டும்.

ஈயக் குண்டை வாங்கும் முன் அந்தந்த மாநில விதியையும் பார்க்க வேண்டும்: கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல், நண்பருடைய துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதுகூட அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம்.