மழைக்குப் பின் திணறிய கார்: என் அனுபவம்

என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார். ஐப்பசி மழையில் மூன்று வாரம் வாசலிலேயே நின்றது. அப்புறம் எடுத்தால், ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தது. மதுரை காளவாசல் மேம்பாலம் ஏறும்போது இழுவையே இல்லை.

பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக் நான்கையும் மாற்றினேன், அப்புறம் அவற்றுக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். ஐந்து நாள் போனதுதான் மிச்சம். பழைய பெட்ரோல் மேலேயே 10 லிட்டர் புதிதாக ஊற்றியதும் வீண்.

கடைசியில் மெக்கானிக் அண்ணன் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தார். சற்று நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தனி அடுக்கு, நடுவே கோடு போட்டதுபோல. அது வெறும் தண்ணீர் இல்லை. இப்போது வரும் ஈ20 பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது கொஞ்சம் தண்ணீரைத் தாங்கும். அளவு மீறினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து, பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான்!

தண்ணீர் வந்த வழி டேங்க் மூடியின் ரப்பர் வாஷர். பார்க்க நன்றாக இருந்தது. வளைத்தபோதுதான் மயிரிழை வெடிப்பு தெரிந்தது.

டேங்கை முழுதும் வடித்துத் துடைத்து, ஃபில்டரும் மூடியும் மாற்றி, புது பெட்ரோல் போட்டோம். மறுநாள் திருமங்கலம் வரை ஒரு குலுக்கலும் இல்லை. அப்பாடா!