அன்ரிவைரஸால் வரும் மின்னஞ்சல் சான்றிதழ் எச்சரிக்கையைத் தீர்க்கும் முறை

புதிய அன்ரிவைரஸ் ஒன்றை நிறுவிய பின்னர் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் திறந்தால், சான்றிதழை (அஞ்சல் சேவையகம் உண்மையானதுதான் என்று காட்டும் அடையாளப் பத்திரத்தை) நம்ப முடியவில்லை என்ற எச்சரிக்கை தோன்றுவதுண்டு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பும் விசாப் பத்திரங்களுக்காக யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் பெற்றோர், எச்சரிக்கையை மீறி அந்தச் சான்றிதழை ஏற்கும் விதிவிலக்குப் பொத்தானை அவசரத்தில் அழுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதை அழுத்துமுன், அந்தச் சான்றிதழை வழங்கியவர் யார் என்று பாருங்கள்.

முதலில் கணினியின் திகதியைச் சரிபாருங்கள். தாய்ப்பலகையிலுள்ள சிறிய பற்றரி செத்துப்போன பழைய கணினி, மின்சாரம் நின்று வந்ததும் பல வருடங்கள் பின்னே போய்விடும். அப்போது நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். விண்டோஸில் நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று இருக்க வேண்டும்.

திகதி சரியென்றால், எச்சரிக்கைப் பெட்டியில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவரின் பெயரைப் படியுங்கள். ஜிமெயிலுக்கு அங்கே 'கூகுள் டிரஸ்ட் சர்வீசஸ்' என்று இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உங்கள் அன்ரிவைரஸின் பெயர் இருந்தால் காரணம் அதுவே. 993, 995, 465 ஆகிய போர்ட்டுகள் (இணைப்பு வாயில்கள்) வழியே மறையாக்கப்பட்டு வந்துபோகும் கடிதங்களைச் சோதிப்பதற்காக, அது இடையில் நின்று இணைப்பைப் பிரித்துப் படித்து, தன் சொந்தச் சான்றிதழை ஒட்டி உங்களிடம் தருகிறது. அதன் மூலச் சான்றிதழ் (மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) விண்டோஸின் நம்பத்தக்க சான்றிதழ்க் களஞ்சியத்தில் பதிந்திருந்தாலும், தண்டர்பேர்ட் தனக்கெனத் தனிக் களஞ்சியம் வைத்திருப்பதால் அதனை ஏற்க மறுக்கக்கூடும். மைக்ரோசொஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக் விண்டோஸின் களஞ்சியத்தையே நம்புவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

அன்ரிவைரஸின் அமைப்புகளில் மின்னஞ்சல் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, மறையாக்கப்பட்ட இணைப்புகளைச் சோதிக்கும் தெரிவை மட்டும் நிறுத்திவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறவுங்கள். முழு அன்ரிவைரஸையும் நிறுத்த வேண்டாம். கடிதத்தோடு வரும் இணைப்புக் கோப்பைச் சேமிக்கும்போதோ திறக்கும்போதோ அதன் நேரடிக் கோப்புப் பாதுகாப்பு சோதித்துக்கொள்ளும். சோதனையை நிறுத்த மனமில்லாதவர்கள், அன்ரிவைரஸின் மூலச் சான்றிதழைத் தண்டர்பேர்டின் சான்றிதழ் நிர்வாகியில் இறக்குமதி செய்யலாம். வீட்டுக் கணினிக்கு முதலாவது வழியே போதுமானது என்பது என் கருத்து.

ஜிமெயிலில் வழங்கியவர் பெயர் கூகுளும் இல்லாமல் உங்கள் அன்ரிவைரஸும் இல்லாமல் வேறேதாவது இருந்தால், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். விடுதி, பேருந்து நிலையம் போன்ற பொது இடத்து வைஃபையில் இருந்தால் அதைத் துண்டித்து, கைப்பேசித் தரவில் மீண்டும் முயன்று பாருங்கள்.

முன்னரே விதிவிலக்கை ஏற்றிருந்தால், அதே சான்றிதழ் நிர்வாகியில் சேவையகங்கள் என்ற பகுதியைத் திறந்து அந்தப் பதிவை அழித்துவிடுங்கள்.