பழைய ஆற்றங்கரை ஓவியமா? முதலில் படகைப் பாருங்கள்

19ஆம் நூற்றாண்டில் வரைந்த ஆற்றங்கரை ஊர்ப் படம் கையில் கிடைத்தால் கண் நேராகக் கோபுரத்துக்குத்தான் ஓடும். அது எந்த இடம், எந்தக் காலம் என்று கண்டறிய நான் படகிலிருந்து தொடங்குவேன். முன்பக்கமாக நங்கூரமிட்ட படகு நீரோட்டத்தை எதிர்த்து மூக்கை நீட்டி நிற்கும். கடல் ஏற்றவற்றம் எட்டாத ஆறு என்றால், காற்று பலமாக இல்லாதவரை, அந்த மூக்கு காட்டும் பக்கம்தான் ஆறு வரும் திசை. ஆறு போகும் திசையைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் வலது கரை. இனி வரைபடத்தோடு ஒப்பிடலாம்.

எல்லாம் இடவலம் மாறித் தெரிகிறதா? அது அச்சுப் பிரதியாக இருக்கலாம். தகட்டிலோ கல்லிலோ நேராக வரைந்து அச்சடித்தால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டுவிடும். கைதேர்ந்தவர்கள் முன்கூட்டியே திருப்பி வரைந்தார்கள், எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. படத்திலுள்ள ஆட்கள் எல்லோரும் இடக்கையால் வேலை செய்தால் சந்தேகப்படுங்கள்.

காலம் அறிய, துடுப்புச் சக்கரமும் புகைபோக்கியும் உள்ள படகைத் தேடுங்கள். அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் ராபர்ட் ஃபுல்டனின் நீராவிப் படகு ஓடியது 1807இல். அதன் பிறகே இவை ஆறுகளில் பெருகின. மூலத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தாளுக்குள்ளேயே பதிந்து வெளிச்சத்தில் தெரியும் நீர்க்குறியில் ஆண்டு இருந்தால் ஓவியம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

மலையின் உயரத்தை நம்பாதீர்கள். அழகுக்காக அதைக் கூட்டி வரைவது அன்று சாதாரணம். படித்துறை, பாலத்தின் வளைவுகளின் எண்ணிக்கை போன்றவையே நல்ல சாட்சி.