நெல்லைச் சீமையில் நல்ல மரம் வாங்குவதும் காய வைப்பதும்: புதிதாக மரவேலை தொடங்குபவர்களுக்கு

வெளிநாட்டில் இருந்தபோது மரவேலை பழகிவிட்டு ஊர் திரும்பியவர்கள் முதலில் கேட்பது, "இங்கே நல்ல கெட்டி மரம் எங்கே கிடைக்கும்?" என்றுதான். மரம் தாராளமாகக் கிடைக்கும், காய்ந்த மரம்தான் கிடைக்காது. அங்கே கடைக்குப் போனால் சூட்டறையில் காய வைத்து, ஈரம் 8 சதவீதம் வரை இறக்கி, இழைத்த பலகையாகவே கையில் தந்துவிடுவார்கள். நம் ஊர் அறுவை மில்லில் பெரும்பாலும் பச்சை மரம்தான். அதை வாங்கிக் காய வைக்கும் வேலையை நாமே செய்யத் தெரிந்துவிட்டால் திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு எந்தச் சாமானும் செய்யலாம்.

முதலில் எந்த மரம்?

வீடியோவில் சொல்கிறார்களே என்று ஓக், மேப்பிள், வால்நட் தேடி அலையாதீர்கள். வால்நட் வேண்டுமா, வாகையை எடுங்கள். வணிகர்கள் அதற்கு வைத்த பெயரே கிழக்கிந்திய வால்நட் என்பதுதான். வைரம் பாய்ந்த பகுதி நல்ல பழுப்பில் இருக்கும், வரியும் அழகு. தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது என்பதால் முகக்கவசம் இல்லாமல் அறுக்க வேண்டாம். சின்னப் பெட்டி, பிடி, கரண்டி என்றால் பூவரசு. அகலப் பலகை கிடைப்பது அரிது, ஆனால் உளிக்கு அவ்வளவு இணங்கும். பலா எனக்கு ரொம்பப் பிடித்த மரம். தவில் கடைவது அதில்தான். அறுத்ததும் மஞ்சளாக இருந்து, நாளாக ஆகத் தேன் நிறத்துக்கு வரும். வேம்பில் நார் பின்னிக் கிடக்கும், இழைத்தால் பிய்யும், அதனால் முதல் வேலைக்கு வேண்டாம். கொட்டாப்புளி (உளியைத் தட்டும் மரச் சுத்தியல்) செய்ய நாட்டுக் கருவேலம் போதும்.

எங்கே வாங்குவது?

தேக்குக்கும் பெரிய பலகைகளுக்கும் செங்கோட்டைதான். கேரள எல்லை பக்கத்திலேயே இருப்பதால் மரவாடியும் அறுவை மில்லும் அங்கே அதிகம். வெளிநாட்டுத் தடிகள் (பலகையாக அறுக்காத முழு மரங்கள்) தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வருகின்றன. சிறு துண்டுகளுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமான் கடைபவர்களிடம் பேசிப் பாருங்கள், எந்தத் துண்டு கடைசலுக்கு நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். களக்காடு, முண்டந்துறை எல்லாம் புலிகள் காப்பகம். "மலையிலிருந்து வந்த ஈட்டி, சல்லிசாத் தாரேன்" என்று யாராவது வந்தால் பேச்சே கொடுக்காதீர்கள். ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

என் கட்சி இதுதான்: முதல் சாமானைப் பழைய மரத்தில் செய்யுங்கள். இடித்த வீட்டு உத்தரம், நிலை, கதவு எல்லாம் பல பத்தாண்டுகள் காய்ந்தவை, காத்திருக்கவே வேண்டாம். ஆனால் அறுப்பதற்கு முன்னால் காந்தத்தை எல்லாப் பக்கமும் ஓட்டி, உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள்.

அளவு

பலகைக்கு அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில் எடுத்துப் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. 6 அங்குல அகலம், 2 அங்குல கனம், 8 அடி நீளம் என்றால் முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவு. வெளிநாட்டுக் கணக்கில் போர்டு ஃபுட் என்று சொல்வதில் 12 சேர்ந்தால் ஒரு கன அடி. தடிக்குக் கணக்கு வேறு. கயிற்றால் சுற்றளவு எடுத்து நாலாக மடிப்பார்கள். 48 அங்குலச் சுற்றுத் தடியில் மடிப்பு 12 அங்குலம். 12ஐ 12 ஆல் பெருக்கி, 10 அடி நீளத்தாலும் பெருக்கி, 144 ஆல் வகுத்தால் 10 கன அடி. உண்மையான கன அளவு இதைவிட அதிகம், சுமார் 12.7. அறுக்கும்போது சேதாரம் ஆவதால் இந்த முறை வழக்கத்தில் நிற்கிறது. பட்டை, வெள்ளை (வைரத்தைச் சுற்றி இருக்கும் வெளிர் மரம்) எல்லாம் கழிந்தது போகப் பலகையாக எவ்வளவு தேறும் என்று மில்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுக்கும்போது "ஒன்னேகால் இஞ்சா ஓட்டுங்க அண்ணாச்சி" என்று சொல்லுங்கள். "ஒரு இஞ்சு போதாதா சார்?" என்பார். போதாது. காய்ந்து சுருங்கி, இழைத்து நேராக்கிய பிறகு ஒரு அங்குலம் மிஞ்ச வேண்டும். மரத்தின் நட்டநடு வருகிற பலகையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள், அது எப்படியும் பிளக்கும்.

காய வைப்பது

எனக்கு நீண்ட நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலகை தன் முகத்தைவிட இரண்டு முனைகளில் பல மடங்கு வேகமாக ஈரத்தை விடும். முனை சுருங்கும், நடு சுருங்காது, அங்கேதான் வெடிப்பு தொடங்கும். எனவே அறுத்த அன்றைக்கே, மில்லிலேயே, இரண்டு முனைகளிலும் உருக்கிய மெழுகோ கெட்டியான பெயிண்டோ இரண்டு பூச்சு பூசிவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மயிரிழைக் கீறல் விழுந்துவிடும், அப்புறம் பூசிப் பயனில்லை.

அடுக்கும் இடம் நிழலாக, கறையான் இல்லாததாக, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரமாக இருக்கட்டும். பலகைகளுக்கு நடுவில் ஒரு அங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். எல்லா அடுக்கிலும் குச்சிகள் மேலிருந்து கீழே ஒரே கோட்டில் நிற்க வேண்டும், விலகினால் அந்த இடத்தில் பலகை வளைந்தே காயும். உச்சியில் நல்ல பாரம். நம் ஊரில் வெயிலைவிடப் பெரிய தொல்லை ஆனி ஆடிக் காற்று. குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வறண்ட காற்று சுழன்றடிக்கும். காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி, தையில் அடுக்கினால் மெதுவாகத் தொடங்கிச் சீராகக் காயும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, இங்கே அதற்கு முன்பே காயலாம். ஆனால் கணக்கை நம்பாமல் எடையை நம்புங்கள்.

பலகையின் முனையிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு அங்குலத் துண்டு வெட்டி, சமையலறைத் தராசில் நிறுங்கள். 126 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஓவனில் 103 டிகிரியில் வைத்து, எடை இனிமேல் குறையாது என்று ஆகும்வரை அவ்வப்போது எடுத்து நிறுங்கள். 105 கிராமில் நின்றால், குறைந்த 21ஐ 105 ஆல் வகுக்க 20 சதவீத ஈரம். இடையிடையே இப்படிப் பார்த்து, ஈரம் 12 சதவீதத்துக்கு வந்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்து சில வாரம் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். ஊசி வைத்த ஈரமானி வாங்கினால் வசதி, முதலில் தராசே போதும்.

கருவி

இரண்டு நல்ல உளி, ஒரு 4ஆம் எண் இரும்பு இழைப்புளி, இழுத்து அறுக்கும் ஜப்பான் ரம்பம், தீட்ட வைரத்தூள் பதித்த ஒரு தகடு. மின்கருவி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தீட்டத் தெரியாமல் மோட்டார் வாங்குவது வீண் செலவு.

பின்சேர்க்கை: வாகைப் பலகையிலிருந்து மாவு கொட்டுகிறது என்று நாகர்கோவிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். வெள்ளைப் பகுதியின் மாவுச்சத்தைத் தின்னும் வண்டின் வேலை அது. வெள்ளையை முழுக்கக் கழித்துவிடுங்கள். கழிக்க முடியாத பலகைக்கு, பச்சையாக இருக்கும்போதே போராக்ஸையும் போரிக் அமிலத்தையும் வெந்நீரில் கரைத்து நன்றாகப் பூசுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

இன்னொன்று: ஷார்ஜாவில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஒருவர், ஈட்டித் துண்டு கொண்டுபோகலாமா என்று கேட்டார். ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் மொத்தமும் 2017 முதல் சைட்டீஸ் (அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பழகுவதற்கு அங்கேயே சரக்குப் பலகை (சரக்கு அடுக்கும் பேலட்) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எச்டி (HT) முத்திரை இருந்தால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது. எம்பி (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, அதைத் தொடாதீர்கள்.