பளிங்குக் கட்டியும் தூளும்: புறப்பரப்பு சோதனையைச் சரியாகச் செய்ய

1 செ.மீ. கனசதுரத்தின் புறப்பரப்பு 6 ச.செ.மீ.; அதையே 1 மி.மீ. கனசதுரங்களாக நறுக்கினால் 60. அமிலம் தொடுவது வெளிப்பரப்பை மட்டும்தான்; அதனால் கட்டியைவிடத் தூள் வேகமாக வினைபுரியும். அதை எடையிழப்பைக் கொண்டு பார்ப்பதே இந்தச் சோதனை.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். 0.01 கிராம் காட்டும் தராசில் 250 மி.லி. கூம்புக்குடுவையை வைத்து, 1 மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி. ஊற்றுங்கள். 2 கிராம் பளிங்குத் துண்டுகளை (கால்சியம் கார்பனேட் கல்) போட்டு, வாயைப் பஞ்சால் தளர்வாக அடைத்து, 15 விநாடிக்கொருமுறை எடையைக் குறியுங்கள். கார்பன் டை ஆக்சைடு வாயு வெளியேறுவதால் எடை குறைந்துகொண்டே வரும். பஞ்சு இல்லையென்றால் தெறிக்கும் துளிகளும் எடையிழப்பில் சேர்ந்துவிடும். துண்டுகளை முன்பே கழுவி உலர்த்துங்கள். ஒட்டியிருக்கும் தூள் முதல் அளவீடுகளையே கெடுக்கும்.

பிறகு புது அமிலத்தில் 2 கிராம் தூள். நுரை பொங்கும், சிறிய குடுவை தாங்காது.

கந்தக அமிலம் வேண்டவே வேண்டாம்: கால்சியம் சல்பேட் படலம் கல்லை மூடி வினையை முடக்கிவிடும்.

இறுதி எடையிழப்பு இரண்டிலும் 0.88 கிராமை ஒட்டியே நிற்கும். தூள் அதை வெகு சீக்கிரம் எட்டிவிடும்.