ஐம்பதைத் தாண்டி ஆட்டோமேட்டிக் காருக்கு மாறுகிறவர்களுக்கு: முதலில் வலது காலைப் பழக்குங்கள்

முப்பது வருடம் கிளட்ச் மிதித்து ஓட்டியவருக்கு ஆட்டோமேட்டிக் வண்டி பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அந்த எளிமையை நம்பி மறுநாளே கடைத்தெருவுக்கு எடுத்துப் போவதுதான் தப்பு. மேனுவல் வண்டியில் ஏதாவது பிசகினால் இடது கால் தானாகக் கிளட்சை மிதித்துவிடும். இன்ஜினின் இழுவை அங்கேயே அறுந்துவிடும். கிளட்சைச் சட்டென்று விட்டாலும் வண்டி குலுங்கி, ஆஃப் ஆகி நின்றுபோகும். ஆட்டோமேட்டிக்கில் அந்த இரண்டாவது காவல் கிடையாது. 'டி'யில் (முன்னே ஓட்டும் 'டிரைவ்' நிலையில்) போட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலான வண்டிகள் மெல்ல ஊர்ந்து கிளம்பும். அதை நிறுத்துவது வலது கால் ஒன்றின் பொறுப்பு. கீழே சொல்வதெல்லாம் அந்தக் காலை நம்பகமாக்குவதற்கே.

வாங்குவதற்கு முன்

முழங்கால் வலியால் மாறுவதாக இருந்தால், எந்தக் கால் வலிக்கிறது என்று பாருங்கள். இடது கால் என்றால் நிம்மதி உடனே தெரியும். வலது முழங்காலோ இடுப்போ வலித்தால் ஆட்டோமேட்டிக்கால் பெரிய லாபம் இல்லை, வலது காலின் வேலை அப்படியேதான் இருக்கும்.

வலியைவிட முக்கியம் உணர்ச்சி. பல வருடம் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போவது உண்டு. காலடியில் இருப்பது எந்தப் பெடல் என்று பாதம் சொல்லாவிட்டால் எந்த வண்டியும் ஆபத்துதான். வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, கண்ணை மூடி உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் 'பிரேக்', 'ஆக்ஸிலரேட்டர்' என்று மாற்றி மாற்றிச் சொல்லட்டும். 20 முறையில் ஒரு முறைகூடக் கால் தடுமாறக் கூடாது. தடுமாறினால் முதலில் டாக்டரிடம் போங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, சில நிமிடத்தில் முடிந்துவிடும். பாதம் மரத்திருந்தால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டீயரிங்கில் உட்காராதீர்கள்.

லைசென்சைப் பற்றிக் கவலை வேண்டாம், கையில் இருக்கும் இலகுரக வாகன லைசென்சே போதும்.

ஆட்டோமேட்டிக்கில் நான்கு வகை புழக்கத்தில் இருக்கின்றன. விலை குறைவானது ஏ.எம்.டி.; 2014-ல் மாருதி செலேரியோவில் வந்து பரவலானது. உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதனால் கியர் மாறும்போது தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆட்டம் குறையும். சி.வி.டி.யும் டார்க் கன்வெர்ட்டரும் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓடும். இரட்டைக் கிளட்ச் உள்ள டி.சி.டி. வேகத்தில் அருமை, ஆனால் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் சூடாகும். பணம் இடம் கொடுத்தால், வயதானவர்களுக்கு சி.வி.டி. அல்லது டார்க் கன்வெர்ட்டர்தான் எங்கள் பரிந்துரை. மெதுவாக நகரும்போது இவைதான் கால் சொன்னபடி கேட்கும். டெஸ்ட் டிரைவை நாற்கரச் சாலையில் மட்டும் முடித்துவிடாதீர்கள். அடித்தள பார்க்கிங் சரிவில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். எவ்வளவு பின்னால் உருள்கிறது என்று கவனியுங்கள்.

உட்காரும் விதம்

பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். வலது குதிகால் தரையில், பிரேக்குக்கு நேராக இருக்கட்டும். ஆக்ஸிலரேட்டருக்குப் போக வேண்டியபோது குதிகாலைத் தூக்காமல் முன்பாதத்தை மட்டும் வலப்பக்கம் திருப்புங்கள். அப்படியென்றால் ஆக்ஸிலரேட்டரில் கால் எப்போதும் சற்றுச் சாய்ந்திருக்கும், பிரேக்கில் நேராக இருக்கும். கண்ணால் பார்க்காமலே எந்தப் பெடல் என்று இந்த வித்தியாசம் சொல்லிவிடும்.

இடது காலை ஓரத்தில் உள்ள கால் வைக்கும் மேடையில் வைத்தால் அங்கேயே இருக்கட்டும். முதல் வாரத்தில் அது கிளட்சைத் தேடும். ஆட்டோமேட்டிக்கின் பிரேக் பெடல் பெரும்பாலும் அகலமானது, இடது கால் அதில்தான் போய் விழும். கிளட்சை மிதிக்கிற பலத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி அடித்து நிற்கும், பின்னால் வருகிறவர் வந்து மோதுவார். இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகலாமே என்று சிலர் சொல்வார்கள். முப்பது வருடப் பழக்கத்தை வைத்துக்கொண்டு அதை முயலாதீர்கள்.

தொளதொள ரப்பர் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ள செருப்போ மெல்லிய அடி கொண்ட ஷூவோ போடுங்கள். காரின் தரையில் விரிக்கும் மிதியடி மேல் இன்னொரு மிதியடி போடாதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் காலடியில் வைக்கவே கூடாது. உருண்டு பிரேக்குக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

கிளப்புவதும் நிறுத்துவதும்

கிளப்பும்போது பிரேக்கை மிதித்து, 'பி'யில், அதாவது பார்க்கிங் நிலையில் (ஏ.எம்.டி.யில் 'என்', அதாவது நியூட்ரல்) ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை விடாமலே 'டி'க்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை எடுத்து, பிறகு பிரேக்கை மெல்லத் தளர்த்துங்கள். 'என்'னில் ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டு 'டி' போடும் பழக்கம் வந்துவிடக் கூடாது. வண்டி பாயும், கியர்பாக்ஸும் கெடும்.

நிறுத்தும்போது பலரும் நேராக 'பி'க்குத் தள்ளிவிட்டுக் காலை எடுக்கிறார்கள். 'பி' என்பது கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரத்தில் மாட்டும் சிறு கொக்கி. சரிவில் வண்டியின் மொத்தப் பாரமும் அதில் தொங்கும். மறுநாள் லீவரை எடுக்கும்போது 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்பது அதனால்தான். முறை இதுதான்: பிரேக்கில் கால், 'என்', ஹேண்ட்பிரேக், காலை லேசாகத் தளர்த்தி வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்ததா என்று பார்த்தல், மறுபடி பிரேக், 'பி', ஆஃப். பல ஏ.எம்.டி. வண்டிகளில் 'பி' கிடையாது. அவற்றில் ஹேண்ட்பிரேக் போட்டு, லீவரை 'டி'யிலோ 'ஆர்'ரிலோ (ரிவர்ஸ்) வைத்து ஆஃப் செய்யுங்கள். 'என்'னில் விட்டால் ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு வாரப் பயிற்சி

விடியற்காலையில் காலி மைதானத்தில் தினமும் அரை மணி நேரம். முதல் இரண்டு நாள் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம். பிரேக்கைத் தளர்த்துவதும் பிடிப்பதுமாக வண்டியை ஊரவிட்டு நிறுத்துங்கள், ஒரு நாளைக்கு ஐம்பது முறையாவது. (ஊராத பழைய ஏ.எம்.டி. வண்டியில் ஆக்ஸிலரேட்டரை இறகாகத் தொட்டுக் கிளப்பி, உடனே பிரேக்குக்கு வரப் பழகுங்கள்.) மூன்றாம் நாள் ஒரு காலி அட்டைப்பெட்டியை வைத்து, அதற்கு ஒரு அடி முன்னால் நிறுத்திப் பழகுங்கள். நான்காம் நாள் அதையே ரிவர்ஸில். ஐந்தாம் நாள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் ஒரே மிதியில் நிறுத்துங்கள். வயதானவர்கள் பலர் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்துப் பார்த்ததே இல்லை. பெடல் காலடியில் கடகடவென்று அதிரும்போது பயந்து காலை எடுத்துவிடுவார்கள். அந்த அதிர்வு ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏற்பாடு) வேலை செய்வதற்கு அடையாளம், விடாமல் மிதிக்க வேண்டும். அதன் பிறகு சரிவு, பிறகு தெரு.

வீட்டில் இன்னொரு மேனுவல் வண்டி இருந்தால் முதல் ஒரு மாதம் அதைத் தொடாதீர்கள்.

விபத்து நடக்கும் இடம்

பெடல் மாறி மிதிப்பது பெரும்பாலும் நடப்பது வண்டி நிறுத்துமிடத்திலும் வீட்டு கேட்டிலும்தான். ஒரு வணிக வளாகத்தின் பார்க்கிங் வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 'டி'யிலேயே பிரேக்கில் கால் வைத்தபடி, பார்க்கிங் சீட்டு வாங்க உடம்பை ஜன்னலுக்கு வெளியே எக்குகிறோம். கை எட்டவில்லை, இடுப்பு இருக்கையைவிட்டு எழும்புகிறது. கூடவே பாதமும் பிரேக்கைவிட்டு ஒரு விரற்கடை எழும்புகிறது, வண்டி ஊர்கிறது. பதறிக் கீழே மிதிக்கிறோம். குதிகால் இடம் மாறியிருப்பதால் கால் விழுவது ஆக்ஸிலரேட்டரில். சீட்டு, காசு, கீழே விழுந்த போன், எதற்காகக் குனிந்தாலும் எக்கினாலும் முதலில் 'பி' (அல்லது 'என்'னும் ஹேண்ட்பிரேக்கும்), அப்புறம்தான் உடம்பு அசைய வேண்டும். ரிவர்ஸ் எடுக்கத் திரும்பி உட்காரும்போதும் குதிகால் நகரும். திரும்பிய பிறகு பிரேக்கை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு நகருங்கள்.

வண்டி பாய்ந்துவிட்டால், 'பிரேக் பிடிக்கவில்லை' என்றுதான் மனம் சொல்லும். அப்படி நினைத்துக்கொண்டு அதே பெடலை இன்னும் பலமாக மிதிப்பதுதான் சுவரில் கொண்டுபோய் முட்டுகிறது. அந்தக் கணத்தில் காலை முழுதாகத் தரையைவிட்டு எடுங்கள். பிறகு பிரேக்கை முழு பலத்தோடு ஒரே மிதியாக மிதியுங்கள், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். லீவரை 'என்'னுக்குத் தள்ளுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 'டி'யிலிருந்து 'என்'னுக்குப் பொத்தான் அழுத்தாமலே போகும். இதையும் மைதானத்தில் பத்து முறை கைக்குப் பழக்குங்கள்.

நெரிசல், மேடு, மலை

சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நிற்பதாக இருந்தால் 'என்' போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிடுங்கள், காலுக்கும் ஓய்வு. மேம்பாலச் சரிவில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்தாதீர்கள். ஏ.எம்.டி.யிலும் டி.சி.டி.யிலும் கிளட்ச் உரசிக் கருகும், வாடை வரும். பிரேக்கில்தான் நிற்க வேண்டும். முந்தும்போது ஏ.எம்.டி. கியரைக் குறைக்க ஒரு கணம் யோசிக்கும்; அதற்கும் சேர்த்து எதிரே இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவிலும் கொல்லிமலையின் 70 வளைவிலும் ஏறுவதை 'டி'யே பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது 'டி'யில் விட்டால் பல வண்டிகள் மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜின் பிடிமானம் இருக்காது. பாரமெல்லாம் பிரேக்கில் விழுந்து, பத்துப் பதினைந்து வளைவுக்குள் பிரேக் காய்ந்து பிடிமானம் குறையும். 'எம்' (கியரை நாமே மாற்றும் நிலை) போட்டு ஒன்று அல்லது இரண்டாம் கியரில் இறங்குங்கள். 'எல்' (கீழ் கியர் நிலை) இருந்தால் அதைப் போடுங்கள். பழைய வண்டியில் எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குவது சரியாக இருக்கும். இறக்கத்தில் 'என்' எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வேலை இங்கே நடக்காது. டிக்கியில் ஒரு ஜம்ப் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல் 'பி'யிலிருந்து லீவர் வராது. பல வண்டிகளில் லீவருக்குப் பக்கத்தில் சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து சாவி நுனியால் உள்ளே அழுத்தினால் லீவர் விடுபடும். அதற்கு முன் ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், மேலே ஏற்றிச் செல்லும் வண்டியையே வரச்சொல்லுங்கள்.